களத்துப் பங்கும் காப்புறுதிக் கட்டணமும்

சம்மாந்துறை வயல்வெளிகளில் வேளாண்மை வெட்டிச் சூடடித்த அந்நாளிலே, களத்திற் குவிந்த நெல் முழுவதையும் போடியார் தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்றாரல்லர். வாய்க்கால் நீரை முறைப்படி பகிர்ந்தளித்த வட்டை விதானைக்கு ஒரு பங்கு. வயலை இரவும் பகலும் பார்த்த முல்லைக்காரனுக்கு ஒரு பங்கு. இவை யாவும் பலர் முன்னிலையில் மரைக்காலால் அளந்து கொடுக்கப்பட்டன. ஆதலின், கொடுத்தவர்க்கு மனக்குறை இல்லை. பெற்றவர்க்கு நாணமும் இல்லை.

இப்பழைய வழக்கம் என் நினைவுக்கு வந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என்பால் முன்னாளிற் கற்ற மாணாக்கர் ஒருவர், சில ஏக்கர் வயலை நம்பி வாழ்பவர், ஆயுட் காப்புறுதிப் பத்திரம் ஒன்றுடன் அண்மையில் என் இல்லம் வந்தார். மாதந்தோறும் 5,000 ரூபாயாக ஈராண்டு கட்டினாராம். போகம் பொய்த்தமையால் மேலும் தொடர இயலவில்லை. கட்டிய 120,000 ரூபாயில் ஒரு சதமேனும் மீளாது என்று அவருக்கு விடை கிடைத்தது. “ரெண்டு வருசமாக் கட்டின காசு எங்க சேர் போன?” என்று வினவினார். நேர்மையான வினா; இதற்கு விடை கூறுதல் நம் கடன்.

காப்புறுதிக்கென நாம் செலுத்துங் கட்டுப்பணம் ஒரே பொருளன்று. இறப்பு நேரின் கொடுத்தற்கென மரண விகித அட்டவணைகொண்டு கணிக்கப்படுவது ஒரு கூறு. சேமிப்பாக வளர்வது மற்றொரு கூறு. மூன்றாவது, செலவுச் சுமை: முகவரின் தரகு, மருத்துவச் சோதனை, எழுதுவினைஞர் சம்பளம், கட்டட வாடகை, நிறுவனத்தின் இலாபம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். இம்மூன்றாவது கூறு முதலாண்டிலேயே மிகப் பெரிது. முகவர்க்குரிய தரகு அவ்வாண்டில் உச்சமாயிருத்தலே காரணம். எனவே, தொடக்கத்திற் கைவிடுபவர்க்கு மீளக் கொடுத்தற்கு எஞ்சுவது சிறிது, அல்லது ஒன்றுமில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அவ்வீராண்டில் அவர் இறந்திருப்பின், அவர்தம் மக்களுக்கு முழுத் தொகையும் உரியதாகியிருக்கும். அவர் பணம் முற்றும் வீணாயிற்று என்பது பொருந்தாது. எவ்வளவு எதற்குச் சென்றது என்பதை அவர் அறியாதிருந்தமையே குறை.

வாகனக் காப்புறுதியிலும் இந்நிலையைக் காணலாம். இந்நாட்டின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. அதற்குரிய சீட்டில் அடிப்படைக் கட்டுப்பணம், வரிகள் முதலியவற்றோடு ‘நிருவாகக் கட்டணம்’ என்ற ஒரு வரியும் வருவதுண்டு. நிருவாகச் செலவு முழுவதும் அவ்வொரு வரியே என்று கருதுவோர் பலர். அன்று, பெரும்பகுதி அடிப்படைக் கட்டுப்பணத்தினுள்ளேயே பெயரின்றி உறைகின்றது.

இது நமக்கே உரிய இடர் அன்று. இங்கிலாந்தில் முகவர்கள் வீடுதோறும் சென்று தொழிலாளரிடம் பென்னி பென்னியாகக் காப்புறுதிப் பணம் திரட்டினர். 1942ஆம் ஆண்டில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, அவ்வாறு திரட்டிய பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிருவாகத்துக்கே சென்றதை எடுத்துக்காட்டியது. சிறுதொகையைத் திரட்டுதற்கும் பெருந்தொகையைத் திரட்டுதற்கும் கால்நடை ஒன்றே. ஆகவே ஏழையின் கட்டுப்பணமே மிகுந்த சுமையைத் தாங்கிற்று.

அங்ஙனமாயின், கட்டணம் வாங்குதலே குற்றமோ? அன்று. ஸகாத்தைப் பெறுதற்குரிய எண்வகையினரை அல்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுமிடத்து, அதனைத் திரட்டும் பணியாளரையும் ஒரு வகையினராக வைத்துள்ளது. உழைப்புக்கு ஊதியம் உண்டு. அது வெளிப்படையாயிருத்தல் வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

1979இற் சூடானிலே தோன்றிய ‘தகாபுல்’ நிறுவனம், பின்னர் 1984இல் மலேசியா இயற்றிய சட்டம் ஆகியவற்றின் வழிப் பரவிய முறை, 1999இல் இலங்கையிலும் கால்கொண்டது. ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றல் என்பது அச்சொல்லின் பொருள். அதில் ‘வகாலா’ என்னும் வகைப்படி, நிதி பங்குபற்றுவோருடையது, நிறுவனமோ முகவர். நிறுவனத்தின் கூலி முன்னரே வகுக்கப்படும். நம் வழக்கிலுள்ள வக்கீல், வக்காலத்து என்பனவும் அவ்வேரிற் பிறந்த சொற்களே. ஆயினும், கூலியைச் சொல்லிவிட்டமையால் மட்டும் அது குறைந்த கூலி ஆகிவிடாது. எம்முறையாயினும் கேட்டறிதலே காவல்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். எனவே, கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களை வினவுக. என் கட்டுப்பணத்தில் செலவுக்குச் செல்லும் பங்கு எவ்வளவு? முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு முடிவில் கைவிட்டால் எனக்குத் திரும்புவது எவ்வளவு? கட்டணத்தை இடையில் உயர்த்தும் உரிமை உங்களுக்கு உண்டோ? விடையை எழுத்தில் வாங்குக.

என் மாணாக்கர் இவற்றைத் தம் பத்திரத்தின் பின்புறத்தே எழுதிக்கொண்டார். போன பணம் மீளவில்லை. ஆயினும், தம் தம்பி வேறொரு பத்திரத்தில் கையொப்பமிட இருப்பதாகவும், முதலில் இவ்வினாக்களுடன் அவரை அனுப்பப்போவதாகவும் சொல்லிச் சென்றார். களத்து நடுவே வைத்த மரைக்காலை எவரும் ஐயுற்றதில்லை. காப்புறுதிக் களத்திலும் அம்மரைக்கால் யாவரும் காண நடுவே இருத்தல் வேண்டும்.