பார்த்தால் ஓடும், பார்க்காவிட்டால் நிற்கும்!



சிப்காட் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அடியோடு நின்றுபோன மெஷினில் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். சில நேரம் ஓடி, சில நேரம் நிற்கும் மெஷின்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். கம்ப்யூட்டர் புரோகிராமும் அப்படித்தான். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் அப்பா அத்திப்பள்ளியில் லோடு ஏற்றும் வேலை பார்க்கிறார். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். நம் ஓசூர்ப் பக்கம் இப்படி எத்தனையோ பேர். கன்னடச் செய்தியைத் தமிழ் எழுத்தில் காட்டினாலே அவருக்குப் புரிந்துவிடும். அதற்காக ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன் எழுதினேன். யூனிகோடில் தமிழ் ‘அ’வின் எண் 2949. கன்னட ‘அ’வின் எண் 3205. வித்தியாசம் 256. பெரும்பாலான எழுத்துகளுக்கு இதே கணக்குதான். தமிழில் இல்லாத எழுத்துகளை மட்டும் தனியாக மாற்றினேன்.

லேபில் ஜோராக ஓடியது. வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். பட்டனை அமுக்கி ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கத்தைத் திறந்தால் கன்னடமாகவே நின்றது. “நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலப்பா” என்று தள்ளி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசே சரியில்லை.

தவறைத் தேட டெவலப்பர் டூல்ஸைத் திறந்தேன். சரியாக ஓடியது! மூடினேன், மறுபடி நின்றது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் மட்டும் ஓடும் மெஷின் மாதிரி!

காரணம் இதுதான். 2021-ல் குரோம் 88-உடன் வந்த மேனிஃபெஸ்ட் 3-ஆம் பதிப்பில், பின்னணியில் ஓடுவது சர்வீஸ் வொர்க்கர். 30 விநாடி வேலை இல்லாவிட்டால் குரோம் அதை நிறுத்திவிடும். அடுத்த பக்கம் கூப்பிட்டதும் முதலிலிருந்து மறுபடி தொடங்கும். ‘பட்டன் ஆன்’ என்பதை நான் ஒரு சாதாரண வேரியபிளில் வைத்திருந்தேன். அது அழிந்து ‘ஆஃப்’ ஆகிவிட்டது. டெவலப்பர் டூல்ஸ் அதைத் திறந்து பார்க்கும்வரை தூங்கவே விடாது. அதனால்தான் பார்க்கும்போது தவறு தெரியவில்லை. இப்படி ஆராயப் போனால் மறையும் தவறுகளை ‘ஹைசன்பக்’ என்பார்கள். ஜிம் கிரே 1985-லேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார்.

மருந்து சின்னதுதான். மேனிஃபெஸ்டில் ஸ்டோரேஜ் அனுமதி சேர்த்து, பட்டனின் நிலையை லோக்கல் ஸ்டோரேஜில் எழுதி, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே படிக்கச் செய்தேன். பிறகு டூல்ஸை மூடிவிட்டு, ஒரு நிமிடம் சும்மா இருந்து சோதித்தேன். ஓடியது.

நண்பர்களே, லேபில் நான் படபடவென்று கிளிக் செய்தேன். 30 விநாடி ஆகவே இல்லை. அப்பாவுக்கு ஒரு பக்கம் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். தவறு அவர் விரலில் இல்லை, நான் சோதித்த அவசரத்தில் இருந்தது. நாம் செய்வதை யார் பயன்படுத்தப் போகிறாரோ, அவர் வேகத்தில் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம்.

இப்போது அப்பா தினமும் இரண்டு செய்தியாவது படித்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்.