கலாசாலைக் காடும் ஏரி வண்டலும்

சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை 1937-ம் வருஷத்தில் பட்டணத்தினின்று தாம்பரத்திற்கு மாற்றப்பட்டது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில், ரஸாயன ஆசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் மரங்களை நடுவித்து, இயற்கைப் புதர்க்காட்டையும் பேணினார். அக்காடு இன்றும் நிலைத்திருக்கின்றது.

இதனால் விவசாயிகளுக்கு ஆவதென்ன? வெறுந்தரையில் விழும் மழை மண்ணைக் கரைத்து ஏரியிற் சேர்க்கும், வண்டல் மேடிட, ஏரி கொள்ளும் ஜலம் குறையும், கடைமடை காயும். புதரும் சருகும் மூடிய தரையிலோ ஜலம் மெல்ல ஊறும், மண்ணும் நிலைக்கும்.

உத்திரமேரூரில் பராந்தக சோழனது 921-ம் வருஷத்துச் சாஸனம், ஏரி வாரியத்திற்குக் குடவோலையால் அங்கத்தினரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றது. ஏரியைக் காத்தல் ஊரார் கடனென்பது இதனால் விளங்கும்.

ஆகையால் ஓரிக்கை முதல் உத்திரமேரூர் வரையிலுள்ள விவசாயிகளும் கிராம அதிகாரிகளும், ஏரி நீர்ப்பிடிப்பில், சீமைக் கருவேல் நீங்கலாக, புதர்களை அழிய விடலாகாது. கலாசாலை, பள்ளிக்கூடங்களின் சருகைக் கொளுத்தாமல், குழியிலிட்டுச் சாணக்கரைசல் தெளித்து எருவாக்குவித்தல் நலம்.