அரிய நோய்களும் நிறுவனங்களின் இரண்டு சதவீதமும்

பதினாறு கோடி ரூபாய் ஊசிக்காகக் காத்திருக்கும் பச்சிளம் குழந்தையின் படம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வருகிறது. நாமும் துஆச் செய்கிறோம், முடிந்ததை அனுப்புகிறோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் அடுத்த குழந்தைக்கு யார் தருவார்கள் என்று நாம் யோசிப்பதில்லை.

அந்த ஊசி ஸோல்ஜென்ஸ்மா. எஸ்.எம்.ஏ. எனும் தசைச் சிதைவு நோய்க்கான மரபணு மருந்து. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் விலை 21 லட்சம் டாலரைத் தாண்டியது. இப்படி மிகச் சிலரையே தாக்கும் நோய்களை அரிய நோய்கள் என்கிறார்கள். வாங்குவோர் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் ஆராய்ச்சியில் இறங்கத் தயங்குகின்றன. இறங்கினாலோ, செலவு முழுவதையும் அந்தச் சிலர் மீதே ஏற்றுகின்றன.

நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின்படி, குறிப்பிட்ட அரசு மருத்துவ மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பதினாறு கோடிக்கு அது எம்மாத்திரம்?

இங்கேதான் நிறுவனங்களின் பங்கு வருகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு ஒரு கடமையை விதிக்கிறது. 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மருத்துவ உதவியும், அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியும் இதில் அடங்கும். அரிய நோயாளிகளுக்கென மத்திய சுகாதார அமைச்சகம் நடத்தும் இணையதளத்திலும் நிறுவனங்கள் நன்கொடை செலுத்தலாம். நம் சமுதாயத்தில் தொழிலதிபர்களும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். இதை நிர்வாகக் குழுவில் எடுத்துவைக்க ஒருவர் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு சதவீதம் சட்டக் கடமை. அதை ஸகாத் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஏழை நோயாளியின் சிகிச்சைக்கு ஸகாத் கொடுக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கோ ஸதகாவிலிருந்து கொடுப்பதே பேணுதலான வழி. பயன் நீடிக்கும் வரை நன்மை தொடரும் ஸதகா ஜாரியாவாக அது அமையும், இன்ஷா அல்லாஹ்.

விழிப்புணர்வுக்கும் இந்த நிதி உதவும். எஸ்.எம்.ஏ. போன்ற நோய்களில் தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் முடிப்போருக்கு இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம். மாமன் மகள், மாமி மகனை மணப்பது மார்க்கத்தில் ஹலால்தான். ஆனாலும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், நிக்காஹ் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. நிறுவன உதவியோடு ஜமாஅத்தில் ஒரு முகாம் நடத்தினால் பல வீடுகளுக்கு இச்செய்தி போய்ச் சேரும்.

மருந்தின்றி எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அந்த மருந்தைத் தேடுவது நம் பொறுப்பு. தேடுவோருக்குப் பொருளால் துணை நிற்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததே.