ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 4. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இப்படியே தொடர்ந்தால் 256, 65536 என்று கிடைக்கும். ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537. இந்த ஐந்தும் பகா எண்கள். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் இவை மீதியின்றி வகுபடா.

பிரான்சு நாட்டில் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்தவர் ஃபெர்மா. கணிதம் அவருக்கு ஓய்வு நேர வேலைதான்! இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று 1640-இல் அவர் நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

வரிசையில் ஆறாவது எண் 4294967297. அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண்தானா? நேர்வழியில் சோதிப்பதானால் 65536-க்குள் இருக்கும் 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் யாருக்குப் பொறுமை இருக்கும்?

92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், ஆய்லர் என்ற 25 வயது இளைஞர் இந்த எண்ணை உடைத்துக் காட்டினார். 4294967297 = 641 × 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை பொய்த்தது.

இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்பதை ஆய்லர் பின்னர் விளக்கினார். அந்த வகைப் பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே காரணி சிக்கிவிடுகிறது! இதுபோன்ற ஒரு விதியைக் கொண்டு ஃபெர்மாவே அதே 1640-இல் வேறொரு பெரிய எண்ணுக்கு 223 என்ற காரணியைக் கண்டுபிடித்திருந்தார். இங்கே மட்டும் எப்படித் தவறவிட்டாரோ!

ஆய்லர் சொன்னது சரியா என்று நீங்களே பாருங்கள். பெரிய வகுத்தல் வேண்டியதில்லை. நம் எண் 65536 × 65536 + 1. 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. எனவே 65536-க்குப் பதிலாக 154-ஐ வைத்துக்கொண்டால் போதும், மீதி மாறாது. 154 × 154 = 23716. இதை 641-ஆல் வகுத்தால் மீதி 640. அதனுடன் 1 கூட்டினால் 641. மீதியே இல்லை!

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. 2-இல் தொடங்கி 20 முறை இவ்வாறு பெருக்கி 1 கூட்டினால் 315653 இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகா எண் அன்று என்று 1987-இல் கணிப்பொறி காட்டிவிட்டது. நாம் செய்ததுபோலவே, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பெருக்கும் சோதனைதான் அது. ஆனால் அதன் காரணிகளில் ஒன்றுகூட இன்னும் எவர் கைக்கும் எட்டவில்லை.