ஊஞ்சலும் இணையவழிப் பாடமும்

மாலை வேளையில் பொத்தேரி ரயில் நிலையத்தில் நிற்கும் மாணவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் கைப்பேசி, காதில் இயர்போன். சிலர் பாட்டுக் கேட்கிறார்கள். சிலர் பாடம் கேட்கிறார்கள். வகுப்பறை ரயில் மேடைக்கே வந்துவிட்டது. ஆசிரியரும் உடன் வந்திருக்கிறாரா என்பதே நம் கேள்வி.

ஐ.ஐ.டி.க்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் சான்றிதழ்ப் பாடங்களும் நடைபெறுகின்றன. வாரந்தோறும் காணொலி, வாரந்தோறும் பயிற்சி, இறுதியில் மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வு. கட்டணம் தேர்வுக்கு மட்டுமே, பாடம் இலவசம்.

வாய்ப்பு இருந்தால் போதுமா? 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் மின்சுற்றுகள் பற்றி இணையத்தில் ஒரு பாடம் நடத்தியது. பெயர் பதிந்தவர் சுமார் 1,55,000 பேர். தேறியவர் சுமார் 7,150 பேர். அதாவது நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இவர்களுள் பலர் உண்டு. ஆயினும் படிக்க விரும்பி, நடுவழியில் நின்றவர்களை நாம் மறக்கலாகாது.

அவர்கள் ஏன் நின்றனர்? வகுப்பில் மாணவன் விழிப்பதை ஆசிரியர் கண்டுகொள்வார். காணொலிக்குக் கண் இல்லை. தொலைநிலைக் கல்வியில் மைல் கணக்கான தூரத்தைவிட, ஆசிரியர்–மாணவர் இடையே புரிதலில் உள்ள தூரமே பெரிது என்றார் மைக்கேல் மூர் என்னும் கல்வியாளர். உரையாடல் மிகுந்தால் அத்தூரம் குறையும்.

இதை ஓர் ஊஞ்சல் கொண்டு விளக்கலாம். ஊஞ்சலை ஆட்டப் பெரும் விசை தேவையில்லை. அது முன்னோக்கிச் செல்லத் தொடங்கும் நேரத்தில் விரலால் தள்ளினாலும் வீச்சு வளரும். எதிரே வரும்போது தள்ளினால் வீச்சு குறையும். தள்ளவே இல்லையெனில், உராய்வினால் ஊஞ்சல் மெல்ல நின்றுவிடும். ஆசிரியரின் உதவியும் அத்தகையதே. அளவில் சிறிதானாலும் காலத்தில் வரவேண்டும்.

கல்லூரியில் இத்தகைய பாடமொன்றுக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். நான்காம் வாரம் ஒரு மாணவி பயிற்சி அனுப்பவில்லை. சோம்பல் என்றே எண்ணினேன். கேட்டபோது உண்மை தெரிந்தது. பகுதி வகைக்கெழு வரும் ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டிருக்கிறாள், கேட்க வெட்கம். வீட்டிலோ தம்பிக்கும் அவளுக்கும் ஒரே கைப்பேசி. கணக்கை விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நூலகக் கணினியில் பாடம் பார்க்க ஏற்பாடு செய்தேன். அவள் தேர்வில் தேறினாள்.

அதற்கு முந்தைய ஆண்டு நான் இப்படிக் கேட்கவில்லை. தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நாளில்தான் பட்டியலைப் பார்த்தேன். ஒரு மாணவன் எப்போதோ விலகியிருந்தான். காரணம் இன்றும் எனக்குத் தெரியாது.

மாணவ நண்பர்களே, இணையவழிப் பாடத்தில் சேர்ந்தால், ஐயத்தைத் தேர்வுவரை சுமக்காதீர்கள். அந்த வாரமே யாரிடமாவது கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, முதல் நான்கு வாரங்களில் மௌனமாகிவிட்டவர் யார் என்று பாருங்கள். ஊஞ்சல் நின்றபின் அதை மீண்டும் ஆட்டக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.