மறைந்தவர் பெயரில் மலிவு நாடா

புகழ்பெற்ற பாடகர் ஒருவர் மறைகிறார். நாடு கண்ணீர் விடுகிறது. அந்தக் கண்ணீர் காயுமுன் கடைகளிலே புதிய நாடா ஒன்று வந்து அமர்கிறது. உறையின்மேல் மறைந்தவர் பெயர். உள்ளே பாடுபவரோ வேறொருவர்! இது எவ்வாறு நடக்கிறது? சட்டம் இதற்கு இடங்கொடுக்கிறதா? பம்பாயில் வாழும் நமக்கு இது அயலூர்க் கதையன்று; ஆதலால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மேல்நாட்டார் இவ்வாணிகத்தில் நமக்கு மூத்தவர்கள். 1977 ஆகஸ்டு 16-இல் எல்விஸ் பிரெஸ்லி மறைந்தார். அதே ஆண்டில், சிறு நிறுவனம் ஒன்றின் வாயிலாக ரானி மெக்டவல் என்ற இளைஞர் பாடி வெளியிட்ட இரங்கற்பாட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. இங்கிலாந்திலோ 1968 முதலே, அவ்வப்போது புகழ்பெறும் பாட்டுகளைப் பெயர் தெரியாத பாடகர்களைக் கொண்டு மீண்டும் பாடவைத்து மலிவு விலைத் தட்டுகளாக விற்று வந்தனர். 1971-இல் அத்தகைய தட்டொன்று விற்பனைப் பட்டியலில் முதலிடமே பெற்றது!

இனி நம் நகருக்கு வருவோம். 1976-இல் முகேஷ், 1980 ஜூலை 31-இல் முகம்மது ரபி, 1987-இல் கிஷோர் குமார் என, பதினோராண்டுகளில் இந்தித் திரையின் மூன்று பெருங்குரல்கள் ஓய்ந்தன. அவர்களுடைய பழம்பாட்டுகளுள் பெரும்பகுதி எச்.எம்.வி. என்று நாம் அழைத்த கிராமபோன் கம்பெனியிடம் இருந்தது. அப்போதுதான் இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்த காலம். டில்லி தரியாகஞ்சில் பழரசக் கடை வைத்திருந்தவரின் மகன் குல்ஷன் குமார், டி-சீரிஸ் நாடாக்களைக் குறைந்த விலையில் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தார். பழைய பாட்டுக்கு ஆசைப்படுவோர் ஏராளம். ஆனால் பழைய ஒலிப்பதிவோ பிறர் கையில். என்ன செய்வது? மீண்டும் பாடவைத்தால் போயிற்று! ரபிக்குச் சோனு நிகம், கிஷோருக்குக் குமார் சானு, முகேஷுக்குப் பாப்லா மேத்தா என்று ஆட்கள் கிடைத்தனர். நாடாக்களின் தலைப்பிலேயே மறைந்தவர் பெயரும் ‘நினைவுகள்’ என்னும் பொருள்படும் ‘யாதேன்’ என்ற சொல்லும் இடம்பெற்றன.

இது திருட்டு அன்றோ என்று கேட்கலாம். அன்று. ஒரு பாட்டில் இரண்டு உடைமைகள் அடங்கியுள்ளன. சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிந்த ஒலி மற்றொன்று. பதிந்த ஒலியைப் படியெடுப்பதே கள்ள நாடா. சொல்லையும் மெட்டையும் எடுத்துப் புதிதாகப் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வழி விட்டிருந்தது: முதற்பதிவு முறையாக வெளிவந்திருக்கவேண்டும், உரிமையாளருக்கு அறிவிப்பும் உரிமைத்தொகையும் தரவேண்டும். அவ்வளவே. அவருடைய இசைவு தேவையில்லை!

அந்தத் தொகை யாருக்குப் போகும்? படத்துக்காக எழுதிய பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையானால், தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே அவரோ, அவரிடம் உரிமை வாங்கிய கம்பெனியோ பெறுவர். எந்தப் பெயரால் நாடா விற்றதோ அந்தப் பாடகரின் குடும்பத்துக்குக் காசில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960-களின் தொடக்கத்தில், பாடகர்க்கும் உரிமைத்தொகை வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் வாதாடினார். பாடியதற்குக் கூலி வாங்கியபின் வேறு உரிமை ஏது என்றார் ரபி! அதனால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமலே இருந்தனர்.

எங்கள் திலக் நகரில் கணபதி விழா நாட்களில் ஒலிபெருக்கி ரபி பாட்டென்று ஒன்றை முழங்கும். நான்கு அடி கேட்டதும், “இது அவர் இல்லையப்பா!” என்பார் கூட்டத்தில் ஒரு பெரியவர். செவி பழகியவருக்கு அது தெரியும். நாடா வாங்கிய சிறுவனுக்கு எப்படித் தெரியும்?

சட்டம் மெல்லத்தான் விழித்தது. முதற்பதிவு வந்து இரண்டாண்டு கழியவேண்டும், உறை மக்களை ஏமாற்றக்கூடாது என்று 1994-இல் திருத்தினர். 2012-இல் பிடி இறுகியது: ஐந்தாண்டு காத்திருக்கவேண்டும், குறைந்தது 50,000 படிகளுக்கு உரிமைத்தொகை கட்டவேண்டும், முன்பு பாடியவரின் பெயரோ படமோ உறையில் இருக்கக்கூடாது, மறுபாடல் என்றும் அச்சிடவேண்டும். ஆனால் அதற்குள் நாடாவே வழக்கொழிந்துவிட்டது!

பாடிய இளைஞர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ஆஷிகி’ படத்தால் 1990-இல் குமார் சானு தம் பெயராலேயே புகழ்பெற்றார். சோனு நிகமும் பின்னர் அவ்வாறே உயர்ந்தார். இரவல் குரல் அவர்களுக்குப் பயிற்சிக் கூடமாயிற்று.

இன்று பாடவும் ஆள் வேண்டாம். இயந்திரமே மறைந்தவர் குரலில் பாடுகிறது. 2024-இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான், பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவர் குரலையும் இவ்வாறு எழுப்பினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, பணமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், 2020-இல் மறைந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேளாமல் எடுத்தாண்டதாகத் தெலுங்குப் படம் ஒன்றின்மீது அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். உறையில் யார் பெயர் இருக்கலாம் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. குரலையே வார்த்தெடுக்கும் இயந்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.