முதல் பேஸ் கிட்டார்: காதால் சோதியுங்கள், பில்லோடு வாங்குங்கள்

அகௌஸ்டிக் கிட்டார் வாங்குகிறவருக்கு ஒரே செலவு. பேஸ் கிட்டார் அப்படியல்ல. ஆம்பில் செருகாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆகவே முதன்முறை வாங்கும் குடும்பம் ஒரே நாளில் இரண்டு பொருள் வாங்குகிறது. வாரண்டியும் இரண்டு, ஏமாறுகிற இடமும் இரண்டு. அதில் ஒன்று 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது வேறு. இதையெல்லாம் யோசிக்காமல், யூடியூபில் பார்த்த நிறத்தைக் காட்டி, "காம்போவா போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கி வருகிறவர்கள்தான் நிறையப் பேர்.

அந்தக் காம்போவில்தான் முதல் வில்லங்கம். கிட்டாரைக் காட்டி விலை பேசுவார்கள். கூட வரும் ஆம்ப் பெரும்பாலும் பத்து வாட், ஐந்தாறு அங்குல ஸ்பீக்கர். சில சமயம் அது பேஸ் ஆம்பே அல்ல, சாதாரண எலக்ட்ரிக் கிட்டாருக்கானது. பேஸின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கரால் தள்ள முடியாது. சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றினால் கரகரக்கும். தொடர்ந்து ஏற்றினால் ஸ்பீக்கர் போய்விடும். "நீங்க ஓவரா வெச்சு வாசிச்சிருக்கீங்க" என்று கடைக்காரர் வாரண்டியை மறுக்கவும் அதுவே வழிவிடும். எனவே ஆம்பின் முகப்பில் அது பேஸுக்கானது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பழக 15 முதல் 40 வாட், எட்டு அல்லது பத்து அங்குல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் செருக ஓர் ஓட்டை: இது போதும். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்க நூறு வாட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். அதை இப்போதே வாங்காதீர்கள். வாடகைக்கு விடும் ரிகர்சல் அறைகளில் பெரும்பாலும் ஆம்ப் இருக்கும். கையில் காசு குறைவென்றால் கிட்டாரிலேயே செருகிக்கொள்ளும் உள்ளங்கை அளவு ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை வாங்கி ஓராண்டை ஓட்டலாம். காம்போவில் வரும் மோசமான ஆம்பைவிட அது மேல் என்பது என் கட்சி.

கிட்டாரைப் பொறுத்தவரை யமஹா டிஆர்பிஎக்ஸ், ஐபனெஸ் ஜிஎஸ்ஆர், ஸ்குவையர், கோர்ட் ஆக்‌ஷன் ஆகியவற்றின் தொடக்கநிலை மாடல்களில் எதை எடுத்தாலும் குடி முழுகிவிடாது. நான்கு கம்பி போதும். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த 34 அங்குல நீளம்தான் இன்றும் வழக்கம். கை எட்டாத சிறுவர்களுக்கு 30 அங்குலத்தில் கிடைக்கிறது.

பிராண்டைவிட முக்கியம் உங்கள் கைக்கு வருகிற அந்த ஒரு கிட்டார். ஒரே மாடலில் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று நன்றாக இருக்கும், மற்றொன்று மக்கர் செய்யும். வாசிக்கத் தெரியாதவரும் இதைச் சோதிக்கலாம். தலைப்பக்கம் கண்ணை வைத்து நெக்கின் நீளவாக்கில் பாருங்கள்: இரண்டு விளிம்பும் ஒன்றுபோல் ஓட வேண்டும். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே ஓடும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அடுத்து, நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி ஒரு தட்டுத் தட்டுங்கள். இருபத்துச் சொச்சம் ஃப்ரெட், சில நிமிட வேலைதான். எங்காவது ஓர் இடத்தில் மட்டும் கம்பி உரசிக் கிர்ரென்றால் அந்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய கம்பியில் ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை ஒலி சட்டென்று செத்துப்போகிறதா என்றும் கவனியுங்கள். பல பேஸ்களில் இது உண்டு, அளவுக்கு மீறினால்தான் தொல்லை. கடைசியாக ஃபோனில் ஒரு ட்யூனர் செயலியைத் திறந்து சுருதி சேர்த்துவிட்டு, அதே கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசியுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பிசகாமல் வர வேண்டும்.

"அதெல்லாம் செட்டப் பண்ணா சரியாயிடும் தம்பி" என்பார் கடைக்காரர். பாதி உண்மை. கம்பி உயரம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சிறு பிசகு, மங்கிய கம்பி எல்லாம் செட்டப்பில் தீரும். முறுக்கிய நெக்கும், நெக்குக்குள் வளைவைச் சரிசெய்ய வைத்திருக்கும் டிரஸ் ராடு திருகவே வராததும் தீராது. தீரக்கூடிய குறை என்றால், "சரி, செட்டப் இலவசம்னு பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். எழுதத் தயங்குகிறாரா என்று பார்த்தாலே மீதி தெரிந்துவிடும்.

பில் விஷயத்துக்கு வருவோம். "பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபா கொறச்சுக்கலாம்" என்ற பேரத்துக்கு மயங்காதீர்கள். அந்த ஆயிரத்தோடு உங்கள் உரிமையில் பெரும்பகுதியும் போகிறது. பில்லில் மாடல் பெயர் மட்டும் போதாது. கிட்டாரின் சீரியல் எண்ணும் ஆம்பின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "மியூசிக்கல் ஐட்டம் – 1" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிடமும் வாதாட முடியாது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

பில்லின் அடியில் சின்ன எழுத்தில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பார்களே, அதைப் பார்த்துப் பயந்து திரும்பியவர்கள் ஏராளம். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தில் நேர்மையற்ற நடைமுறையாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் குறை இருக்க வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, மகன் இப்போது கீபோர்டு கேட்கிறான் என்பதெல்லாம் குறையாகாது. அது கடைக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள். நெக் உடைந்து வந்தது என்று நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, குறையுள்ள, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பேசித் தீரவில்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவான புகாரைப் பார்த்தே இறங்கி வரும் கடைகள் உண்டு. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், நீங்களே வாதாடலாம். கடை சென்னையிலும் நீங்கள் தென்காசியிலும் இருந்தால் தென்காசிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மெல்லிசைக் குழுவில் வாசித்துப் பிழைக்கிறவரிடம் "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் இல்ல" என்று மடக்கப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தவென்றே வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான்.

செகண்ட் ஹேண்டில் இந்தப் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை. கடை நடத்துகிறவரிடம் பழைய கிட்டார் வாங்கினால் சட்டம் பேசும். தன் கிட்டாரை விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் கை கொடுக்காது. எனவே நேரில் பார்த்து, வாசித்து, பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லும் இல்லை, எங்கே வாங்கியது என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை என்றால் அது திருட்டுச் சாமானாக இருக்கலாம். அப்படித் தெரிந்தே வாங்கினால் வழக்கு உங்கள்மேலும் வரும். ஃபெண்டர் என்று தலையில் எழுதி, பெட்டிக்கடை விலைக்கு வருவது பெரும்பாலும் போலி. "ராணுவத்துல இருக்கேன், மாறுதல் வந்திருச்சு, க்யூஆர் அனுப்பறேன்" என்று தொடங்கும் உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறி ஓடுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது மின்சாரம். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஆம்ப் என்றால், செருகுவதற்கு முன் பின்பக்கம் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று படியுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230இல் கருகிவிடும்.

இனி எர்த். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் உலோக உடம்போடு இணைந்திருக்கின்றன. அந்த உடம்பைக் காப்பது ப்ளக்கின் மூன்றாவது பின். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? போர்டில் பொருந்தவில்லை என்று இரண்டு பின் கன்வெர்ட்டரைப் போட்டுவிடுகிறோம். போர்டில் மூன்று ஓட்டை இருந்தாலும் உள்ளே எர்த் ஒயர் இல்லாத பழைய வீடுகளும் இருக்கின்றன. ஆம்புக்குள் ஓர் ஒயர் விடுபட்டால் மின்சாரம் நேரே கம்பிக்கு வரும். ஒரு கையில் கம்பி, மறு கையில் மைக் என்றால் நெஞ்சு வழியாகப் பாயும். எர்த் கோளாறு மைக் பக்கம் இருந்தாலும் கதி அதேதான். 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். கம்பியைத் தொட்டதும் ஸ்பீக்கரின் ஹம் சத்தம் குறைந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. விரலிலோ மைக் அருகே உதட்டிலோ சுருக்கென்றால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அப்போதே போட்டுவிடலாம். ஆம்பின் விலையை நினைத்தால் அது பெரிய தொகையல்ல. ஆம்பின் தயாரிப்புக் குறையால் காயம் ஏற்பட்டால், பொருள் விலையோடு நிற்காமல் அந்தக் காயத்துக்கும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. பழுதான ஆம்பைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள், அதுதான் சான்று.

அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த வரம்பு. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டுவதில் கெட்டி. உங்கள் அறையில் மெதுவாகத் தெரிவது கீழ்வீட்டுக் கட்டிலை அதிர வைக்கும். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் தடித்த ரப்பர் பாய் போட்டு ஏற்றினால் பாதிச் சண்டை குறையும். இரவில் ஹெட்ஃபோன்தான் வழி. அதிலும் வால்யூமைக் குறைத்தே வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற இந்த நேரம் வேகமாகச் சுருங்கும். வாசித்து முடித்தபின் காதில் ரீங்காரம் கேட்டால் வால்யூம் அதிகமாக இருந்தது என்று அர்த்தம். மறுநாளும் அது அடங்கவில்லையென்றால் காது மருத்துவரிடம் போய்விடுங்கள்.